கொல்லிமலைக்கு ஒருநாள் பயணமா? கைகொடுக்கும் குறிப்புகள் இதோ!

லீவு விட்டாச்சு, "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளைகள் ஆரம்பிச்சாச்சு. ஊட்டி, கொடைக்கானல் என்றால் ரூம் வாடகையே கையைக் கடிக்கும். நாமக்கல், சேலம், கரூர், திருச்சி பக்கம் இருக்கிற நமக்கு, விடியக் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்ப ஒரு மலை இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் நிற்கிற கொல்லிமலை. நாமக்கல்லில் இருந்து சுமார் 55 கிலோமீட்டர்தான். ரூம் வேண்டாம், பெரிய செலவு வேண்டாம். வழியில் பாக்கெட் தீனிக்கும் பாட்டில் தண்ணீருக்கும் போகிற காசை மிச்சம் பிடித்து, மலைமேல் விளைகிற பலாவுக்கும் மிளகுக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள் தோழிகளே. பணம் நல்ல கைக்குப் போகும், நம் சமையலறையும் நிறையும்.

1. திரும்பி வரும் நேரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வெளிச்சத்திலேயே இறங்கி முடிக்க வேண்டும் என்றால், சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் மலைமேல் இருந்து வண்டி கிளம்பிவிட வேண்டும்.

2. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒரு அருவி, ஒரு கோயில், ஒரு சந்தை என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாகச் சுற்றலாம். காலில் தெம்பு இருப்பவர்களுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கைக்குழந்தை, வயதானவர்கள் கூட வந்தால் மாசிலா அருவி, வாசலூர்பட்டி படகுத்துறை, சீக்குப்பாறை காட்சிமுனை போதும்.

3. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அருவிக்கு இறங்க விடமாட்டார்கள், பாதையிலும் மண் சரியும். கோடை உச்சத்தில் அருவி மெலிந்துவிடும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களுக்கும், பலா வாசம் அடிக்கிற ஆனி, ஆடிக்கும்தான் என் ஓட்டு.

4. ஆடி 17, 18 தேதிகளில், அதாவது ஆகஸ்ட் 2, 3 வாக்கில், வள்ளல் வல்வில் ஓரி பெயரில் விழா நடக்கும். மலர்க் கண்காட்சி, பாரம்பரிய ஆட்டங்கள் என்று மலையே களைகட்டும். ஆனால் கூட்டம் தாங்காது. விழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அரசுப் பேருந்தில் போய்விடுங்கள். வண்டி நிறுத்த இடம் தேடுகிற நேரம் மிச்சம்.

5. சனி, ஞாயிறைத் தவிர்த்து செவ்வாய், புதனில் போனால் அருவிப் படியிலும் நெரிசல் இல்லை, பழத்தையும் நிதானமாகப் பார்த்து வாங்கலாம். பிள்ளைகளின் காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் வரும் வார நாட்கள் இதற்கு ரொம்பத் தோது.

6. வழக்கமான வழி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அந்தக் காரவள்ளி அடிவாரத்தில்தான் 70 வளைவுகளும் தொடங்கும். வளைவு என்றாலே தலை சுற்றுகிறவர்கள், ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் இன்னொரு சாலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

7. பேருந்தில் போகிறவர்கள் நாமக்கல்லில் விடியற்காலை வண்டியைப் பிடித்துவிட்டால் பகல் முழுக்கக் கையில் இருக்கும். மலைமேல் இருக்கிற செம்மேட்டில் இறங்கியதும் முதல் வேலை, கீழே இறங்கும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமே கேட்டுக் கையில் எழுதிக்கொள்வது. அதற்கு முந்தின வண்டிதான் உங்கள் வண்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

8. பெட்ரோல், டயர் காற்று, பிரேக் மூன்றையும் அடிவாரத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். சில்லறையும் கையிலேயே இருக்கட்டும். மலைமேல் பல இடங்களில் செல்போன் சிக்னல் வராது. சிக்னல் இல்லாத இடத்தில் போன் மூலம் பணம் அனுப்ப நின்றுகொண்டிருந்தால் கடைக்காரருக்கும் சிரமம், நமக்கும் சிரமம்.

9. வண்டி ஓட்டுபவருக்கு: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பழைய பாடம். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைக்கவே கூடாது. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுக் கிளம்புங்கள்.

10. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துத் திரும்புங்கள், பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அதற்குத் திரும்ப முழு ரோடும் வேண்டும்.

11. பனிமூட்டம் இறங்கினால் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும், ரோடு தெரியாது.

12. வயிற்றைப் புரட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, பூரி கிழங்கும் சாப்பிடக்கூடாது. இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரை, இவ்வளவு போதும். பாலும் காபியும் மலைமேல் போய்க் குடித்துக்கொள்ளலாம்.

13. பேருந்தில் முன்பக்க இருக்கை, காரில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை, இரண்டும் வாந்தி வருகிறவர்களுக்கே. கண் தூரத்து ரோட்டில் இருக்க வேண்டும். செல்போனைப் பார்த்தால் பத்தாவது வளைவிலேயே தொல்லை ஆரம்பித்துவிடும். மாத்திரை போடும் பழக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அடிவாரத்துக்கு அரைமணி முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

14. ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வந்தால் குமட்டல் அடங்கும். சுக்கும் பனங்கற்கண்டும் இடித்து ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கு ஆகும். வண்டியில் ஏர் ஃப்ரெஷ்னர் இருந்தால் அன்றைக்கு மட்டும் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். பாதி பேருக்கு அந்த வாடைதான் வில்லங்கம்.

15. காலி பால் பாக்கெட்டை மேல் முனையை மட்டும் வெட்டிக் கழுவிக் காயவைத்து, ஒரு வாரத்துப் பாக்கெட்டை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். வாந்திக்கு இதைவிட உறுதியான பை இல்லை, ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் கசியாது. அதை ஜன்னல் வழியே வீசாமல், கீழே கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

16. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதிய பலகை உண்டு. அடுத்த எண்ணை யார் முதலில் பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்கள். பார்வை வெளியிலேயே இருப்பதால் தலைசுற்றல் குறையும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வியும் வராது.

17. வளைவுகளில் குரங்குகள் காத்திருக்கும். கண்ணாடியை ஏற்றி வையுங்கள், தின்பண்டத்தை மடியில் வைக்காதீர்கள், நிறுத்தித் தீனி போடவும் வேண்டாம். பிஸ்கட் போட்டுப் பழக்கியதால்தான் அவை காட்டை விட்டு ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

18. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. எவர்சில்வர் தட்டு, டம்ளர், வீட்டுத் தண்ணீர் கேன் எடுத்துக்கொண்டால் தடைக்கும் பயப்பட வேண்டாம், ஐந்தாறு பேர் குடும்பத்துக்குத் தண்ணீர் பாட்டில் காசும் மிச்சம்.

சாப்பாட்டுக்கு வருவோம். மலைக்காற்றுக்குப் பசி தாராளமாக எடுக்கும். வீட்டில் போடும் அளவைவிட ஒரு ஆழாக்கு கூடுதலாகவே போடுங்கள்.

19. தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். மதியம் திறக்கும்போது புளிப்பே இல்லாமல் சரியாகத் தோய்ந்திருக்கும். தாளிப்பில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் இறங்கும்போதும் வயிறு பிரச்னை செய்யாது.

20. புளிச்சாதத்தை முந்தின ராத்திரியே கிளறிவிடுங்கள், ஊற ஊறத்தான் ருசி. நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். எண்ணெய் குறைந்தால் சாதம் விறைத்துவிடும். தேங்காய்ச் சட்னி பகலுக்குள் ஊசிப்போகும் என்பதால் தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலைத் துவையல் கெட்டியாக அரைத்துக்கொள்ளுங்கள்.

21. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் வழியாகப் போகிறோம், முட்டை இல்லாமலா? அவித்து ஓட்டோடு எடுத்துப்போனால் நசுங்காது, கையும் பிசுபிசுக்காது. மிளகும் உப்பும் சேர்த்து இடித்து ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவில் எடுத்துக்கொண்டால், நாலு முட்டையில் பிள்ளைகளின் பதினோரு மணிப் பசி தீர்ந்துவிடும்.

22. வாழையிலையை அனலில் லேசாக வாட்டி மடித்தால் கிழியாது. பொட்டலத்துக்கு மேல் நூல் கட்டும்போது புளிச்சாதத்துக்கு ஒரு முடிச்சு, தயிர்சாதத்துக்கு இரண்டு முடிச்சு என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

23. மலைமேலேயே சூடாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள், சின்ன மெஸ்களில் காலையில் போகும்போதே எத்தனை பேர், சைவமா அசைவமா என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆட்கணக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் வீணாகாது, அலைந்து திரும்பும் நமக்கும் காத்திருப்பு இல்லை.

24. முடவாட்டுக்கால் சூப்பை அங்கேயே சுடச்சுடக் குடித்துப் பாருங்கள். பாறையிலும் மரத்திலும் படர்கிற ஒரு பெரணியின் கிழங்கு இது. மேலெல்லாம் ரோமம் மூடி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட காரத்தில் சைவக்காரர்களுக்கு ஆட்டுக்கால் சூப் குடித்த திருப்தி கிடைக்கும். மூட்டுவலி பறந்துபோகும் என்று சொல்லி விற்பார்கள். ருசிக்காகக் குடியுங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து அருவி. ஆகாய கங்கை சுமார் 300 அடி உயரத்தில் இருந்து விழுகிறது, அய்யாறுதான் அங்கே அருவியாகிறது. அதைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, திரும்ப அத்தனையும் ஏற வேண்டும். ஏற்பாட்டோடு போனால் அந்தச் சாரலுக்கு ஈடே இல்லை.

25. மலைமேல் சேர்ந்ததும் முதல் வேலையாக அருவிக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கி ஏறிவிடலாம், நேரம் கடந்தால் கீழே விடவும் மாட்டார்கள். மதியச் சாப்பாடு ஏறி வந்த பிறகுதான். நிறைந்த வயிற்றோடு அந்தப் படிகளை ஏற முடியாது.

26. கீழே கொண்டுபோகிற பை ஒன்றே ஒன்றாக, தோளில் மாட்டுவதாக இருக்கட்டும். ஆளுக்கொரு துண்டு, மாற்றுத்துணி, ஒரு தண்ணீர் பாட்டில், நாலு வெல்லக் கடலை உருண்டை. இதற்கு மேல் எதை வைத்தாலும் ஏறும்போது அதுதான் முதலில் கனக்கும். உருண்டையைப் பாதி ஏற்றத்தில் பிரியுங்கள், பிள்ளைகள் தானாக ஏறுவார்கள்.

27. கனத்த டர்க்கி டவலை வீட்டில் வைத்துவிட்டு ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பையில் இடம் அடைக்காது, பிழிந்து தோளில் போட்டால் படி ஏறி முடிப்பதற்குள் பாதி காய்ந்துவிடும். ஜீன்ஸ் போட்டுக் குளிக்கவே கூடாது. தண்ணீர் குடித்த ஜீன்ஸோடு படி ஏறுவது பெரும் பாடு.

28. பெண்கள் உடை மாற்ற, அடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த பழைய உள்பாவாடை ஒன்று அல்லது தொளதொள நைட்டி ஒன்று போதும். அதைப் போர்த்திக்கொண்டு உள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். கூட வந்த மற்ற பெண்களுக்கும் அதுவே சுற்றுக்கு உதவும்.

29. வழுக்காத பட்டை வைத்த செருப்பு போடுங்கள். புதுச் செருப்பை அன்றைக்கு அரங்கேற்றாதீர்கள், கொப்புளம் நிச்சயம்.

30. இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, செங்குத்தான இடங்களில் பக்கவாட்டில் காலை வையுங்கள். நேராகத் தட்டித் தட்டி இறங்கினால் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது ஐம்பது படிக்கு ஒரு தரம் நின்று நாலு மூச்சு விடுங்கள். இதயக் கோளாறு, ஆஸ்துமா, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இறங்கவே வேண்டாம்.

31. அருவித் தண்ணீரில் சோப்பும் ஷாம்பும் சீயக்காயும் வேண்டாம். அய்யாறு கீழே புளியஞ்சோலைக்குப் போய் அங்குள்ளவர்களுக்கும் ஆறாகிறது, நாம் கரைக்கிறதெல்லாம் அவர்களுக்குத்தான் போய்ச் சேரும். எண்ணெய்க் குளியல் ஆசை இருந்தால் வீட்டிலேயே முந்தின நாள் முடித்துவிட்டு, அருவியில் வெறுமனே தலையைக் காட்டுங்கள்.

32. தங்க நகையை வீட்டிலேயே கழற்றி வையுங்கள், கண்ணாடி வளையலும் வேண்டாம். செல்போனை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டிபன் டப்பாவில் வைத்தால் சாரல் படாது; அதற்கென்று தனிப் பை வாங்க வேண்டியதில்லை.

33. படி இறங்க முடியாத பெரியவர்களை அறப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார வைத்துவிட்டுப் போகலாம். அமைதியான பழைய கோயில். அறப்பளீசுர சதகம் என்ற செய்யுள் நூல் இந்த ஈசன் மேல் பாடியதுதான். அறுத்த மீனையே பொருத்தி உயிர்கொடுத்தவர் என்று கதை சொல்வார்கள், அதனால் ஆற்று மீனுக்குப் பொரி போடுவது வழக்கம். வீட்டிலிருந்தே ஒரு படி பொரி கொண்டுபோங்கள்.

34. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன்னால் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் கதை சொல்லுங்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். புத்தகத்தில் படித்த பெயர் நேரில் நிற்கும்போது அந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

35. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரி அளவுக்குக் குறையும். பகலில் ஸ்வெட்டர் தேவைப்படாது, அருவியில் நனைந்து ஏறிய பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு முழுக்கைச் சட்டையும் காதை மூட ஒரு துண்டும் இருந்தால் போதும். கம்பளியை எல்லாம் மூட்டை கட்டாதீர்கள், அந்த இடம் பழத்துக்கு வேண்டும்.

ஆமாம், பழத்துக்குத்தான்! சோளக்காடு சந்தைக்குப் போகாமல் திரும்பினால் பாதிப் பயணம்தான் போன மாதிரி.

36. சோளக்காடு, வளைவுகள் ஏறி முடிந்ததும் வருகிற ஊர். அதனால் போகும்போது விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு, திரும்பும்போது வாங்குங்கள். நாள் முழுக்கப் பழத்தை வெயிலில் வண்டிக்குள் வைத்து வதக்க வேண்டாம்.

37. வீட்டிலிருந்து இரண்டு அரிசிச் சாக்கு, ஒரு பிளாஸ்டிக் கூடை, பழைய செய்தித்தாள், நாலைந்து மஞ்சப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பலாவுக்குச் சாக்கு, அன்னாசிக்குக் கூடை, மிளகுக்கும் சாமைக்கும் துணிப்பை. கடைசியில் பைக்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டி வராது.

38. பலாவைத் தட்டிப் பாருங்கள். "பொத் பொத்" என்று சத்தம் வந்து, முள் அகன்று மழுங்கியிருந்தால் இரண்டு நாளில் பழுக்கும். வாசம் தூக்கலாக அடிக்கிற பழத்தை அன்றைக்கே அறுத்தாக வேண்டும். முழுப் பழம் பெரிதாக இருந்தால் இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், சுளைக்கணக்கில் வாங்குவதைவிட மலிவாகவே வரும்.

39. கொல்லிமலை அன்னாசிக்கு இனிப்பு அதிகம். அடிப்பக்கம் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கொண்டை பச்சையாக இருக்க வேண்டும், அடி மட்டும் மஞ்சளாகி வாசம் வர வேண்டும்.

40. மலைவாழைத் தாரில் ஒரு சீப்பு பழுத்ததும் ஒரு சீப்பு காயுமாக வாங்கினால் ஒரே நாளில் எல்லாம் கனிந்து வீணாகாது. காய்ச் சீப்பைத் தரையில் வைக்காமல் கயிற்றில் தொங்கவிடுங்கள், அடிபட்டுக் கறுக்காது.

41. மிளகு வாங்காமல் இறங்காதீர்கள். சமையலுக்கு வருஷக்கணக்குக்கு ஆகும் பொருள், காரமும் வாசமும் கடை மிளகில் வராது. தை, மாசியில் புதுமிளகு வரும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள், "டக்" என்று உடைந்தால் நன்றாகக் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். வீட்டில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் இறங்கும், பொக்கும் பப்பாளி விதையும் மிதக்கும். இரண்டு வெயில் காயவைத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டுவிட்டால் பூசணம் வராது.

42. தேனுக்குத் தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது போன்ற வீட்டுச் சோதனை எதையும் நம்ப முடியாது, சர்க்கரைப்பாகும் அதில் தேறிவிடும். பழங்குடி கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு விற்பனை நிலையம் எங்கே என்று விசாரித்து அங்கே வாங்குங்கள். தேன் உறைந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வைத்தால் இளகும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

43. சாமை, தினை, கேழ்வரகு கிடைத்தால் ஆளுக்கு இரண்டு கிலோ வாங்குங்கள். ஒரு காலத்தில் மலை முழுக்க இதுதான் விளைந்தது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போடத் தொடங்கியதும் சுருங்கிப்போனது. இங்கே உள்ள சிறுதானிய வகைகளைக் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்தே மலைவாழ் மக்களோடு வேலை செய்கிறது. நாம் வாங்கினால்தான் அடுத்த வருஷமும் விதைப்பார்கள்.

44. சாமையில் பொடிக்கல் இருக்கும் என்று ஒதுக்காதீர்கள். இரண்டு பாத்திரம் வைத்து, தண்ணீரோடு சாய்த்துச் சாய்த்து அரித்தால் கல் அடியில் தங்கிவிடும். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், இரண்டு விசில். தயிர்சாதத்துக்கு என்றால் மூன்றரை டம்ளர்.

45. முடவாட்டுக்கால் கிழங்கைக் காற்றாடக் கூடையில் போட்டு வைத்தால் பல வாரம் கெடாது. தேவையான அளவை மட்டும் வெட்டி, ரோமத்தோலைக் கத்தியால் சீவிக் கழுவுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகத்தோடு தட்டி, குக்கரில் நாலைந்து விசில் விட்டு வடிகட்டினால் சூப் தயார். சக்கையைச் செடிக்குப் போட்டுவிடலாம்.

46. காபிக்கொட்டை வாங்கினால் வறுத்ததா பச்சையா என்று கேட்டு வாங்குங்கள். பச்சை என்றால் இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுக்க வேண்டும், முதல் ஈடுக்குக் கால் கிலோ போதும்.

47. விலை பேசுவதில் தாராளமாக இருங்கள். சந்தையில் விற்கும் பாட்டி செங்குத்தான கொல்லையில் இருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த பலாவுக்கு இருபது ரூபாய் குறைப்பதில் நமக்கு என்ன லாபம்? சிக்கனத்தை டீக்கடையிலும் பாக்கெட் தீனியிலும் காட்டுவோம். ரோட்டோர மரத்தில் தொங்கும் பழத்தையும் காட்டுப்பழம் என்று பறிக்காதீர்கள், ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு.

48. இறங்கும்போது காது அடைக்கும். பிள்ளைகளுக்கு ஒரு புளிப்பு மிட்டாய், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால். வாய் அசைந்துகொண்டிருந்தால் தானாகத் திறந்துவிடும்.

49. பலாவைக் காரில் வைக்கும்போது காம்பு வெட்டிய முனையில் கொஞ்சம் சாம்பலோ மண்ணோ அப்பி, செய்தித்தாளைச் சுற்றிச் சாக்கில் போடுங்கள். பால் சீட்டில் ஒட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், பரவிவிடும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர்.

50. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைப் பையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள், காலையில் கரும்புள்ளி விழுந்திருக்கும்; ஒரு வாளித் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிட்டால் போதும். கால்வலிக்குப் பொறுக்கும் சூட்டில் உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் கால்களை வைத்துவிட்டுப் படுங்கள்.

51. பலாக்கொட்டையைக் கழுவாமல் நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காய்ந்த மணலோ செம்மண்ணோ நிரப்பிய மண்பானையில் அடுக்கடுக்காகப் புதைத்து வையுங்கள். மாதக்கணக்கில் கெடாது, முளையும் விடாது. சாம்பாருக்கு நாலு, புளிக்குழம்புக்கு ஆறு, கத்தரிக்காய்ப் பொரியலில் ஒரு கைப்பிடி என்று எடுத்து எடுத்துப் போடலாம். காய்கறி விலை ஏறும் மாதத்தில் அந்தப் பானையே கைகொடுக்கும்.